வனவியல் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறீர்களா? முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வனவியல், வனவிலங்கு, மண்-நீர் வளம், இயற்கை வள மேலாண்மை என்று மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத் தரவரிசையில்தான் தேடலைத் தொடங்குகிறார்கள். நல்ல பெயராகப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு உதவித்தொகை தேடுகிறார்கள். அதற்குள் முக்கியமான கடைசித் தேதிகள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

இந்தத் துறையில் வரிசை நேர்மாறானது. பணம் ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் இருக்கும், அல்லது படிப்பு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே மூடிவிடும் அரசு உதவித்தொகையில் இருக்கும். பணம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு இதை ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை. அங்கங்கே கேட்டும் அலைந்தும் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. ஆய்வேடு உள்ள பட்டமா, இல்லாததா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடிவு செய்யுங்கள். வட அமெரிக்காவில் முதுகலை இரண்டு வகை. ஒன்று, ஆய்வேடு எழுதிப் பெறும் எம்.எஸ். அல்லது எம்.எஸ்சி. மற்றது பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் தொழில்முறைப் பட்டம். மாஸ்டர் ஆஃப் ஃபாரஸ்ட்ரி, டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் வனப் பாதுகாப்புப் பட்டம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலைத்த வன மேலாண்மைப் பட்டம் எல்லாம் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். நேராக வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதற்குச் சம்பளத்தோடு கூடிய உதவியாளர் பணி கிடைப்பது அபூர்வம். உங்களால் ஒரு பேராசிரியரின் ஆய்வு நகர்கிறது என்பதற்காகத்தான் அவர் பணம் தருகிறார். பாடம் மட்டும் படிப்பவரால் அந்த ஆய்வு நகராது. இரண்டு பட்டங்களும் ஒரே துறையின் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே பெயரில் இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் எந்தப் பெட்டியில் டிக் அடிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

முனைவர் பட்டம் என்றால் கதையே வேறு. நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் அதைப் பெரும்பாலும் வேலையாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் உண்டு. அங்கே உதவித்தொகைப் பக்கத்தைத் தேடாமல், பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பாருங்கள்.

2. உதவியாளர் பணி எப்படி வருகிறது

அமெரிக்காவில் வனவியல் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு முதன்மையான வழி ஆராய்ச்சி உதவியாளர் பணி, சுருக்கமாக ஆர்.ஏ. வழக்கமாக வாரம் 20 மணி நேர வேலை. பதிலுக்கு மாதச் சம்பளமும் கல்விக் கட்டண விலக்கும் கிடைக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லை. எனவே இந்தப் பணி கிடைத்தபின் இன்னொரு பகுதிநேர வேலையில் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) என்பது இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகமும் களப்பயிற்சியும் நடத்தும் பணி. துறைதான் இதைக் கொடுக்கும். வனவியல் துறைகள் சிறியவை என்பதால் இடங்களும் குறைவு. வேலை எதுவும் கேட்காமல் பணம் தருவது ஃபெல்லோஷிப். அது பொதுவாகத் துறையின் பரிந்துரையில்தான் வரும். ஆனால் அந்தப் பரிந்துரைக்கு உங்கள் பெயர் போக, விண்ணப்பம் முதல் கெடுவுக்குள் வந்திருக்க வேண்டும். பல துறைகள் இரண்டு கடைசித் தேதி வைத்திருக்கின்றன: சேர்க்கைக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று. நிதிக்கான தேதி டிசம்பரிலோ ஜனவரி நடுவிலோ வந்துவிடும். சேர்க்கைத் தேதியை மட்டும் குறித்துவைத்தவர்களுக்குப் பணம் இல்லாத இடம்தான் கிடைக்கும்.

பேராசிரியரிடம் பணம் இருக்கிறதா என்பதை ஓரளவு வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொதுத் தேடல் பக்கத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டால், நடப்புத் திட்டங்களும் அவை தொடங்கி முடியும் தேதிகளும் வரும். வேளாண் துறையின் கீழுள்ள நிஃபா அமைப்பும் தன் திட்ட விவரங்களை வெளியிடுகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் வனவியல் ஆய்வுக்கென்றே உள்ள மக்இன்டயர்-ஸ்டென்னிஸ் நிதி அதன் வழியாகத்தான் வருகிறது. நீங்கள் சேரும் வருடமே முடிகிற திட்டத்தால் உங்களுக்குப் பயனில்லை. குறைந்தது இரண்டு வருடம் மீதியுள்ள திட்டமாகப் பாருங்கள். 2025-இல் கூட்டாட்சி ஆய்வு நிதிகள் பல நிறுத்தப்பட்டன, ரத்தும் ஆயின. அதனால் இணையத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல், "இந்த நிதி உறுதியாகிவிட்டதா?" என்று பேராசிரியரிடம் நேராகக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களும் எதிர்பார்க்கும் கேள்விதான்.

விளம்பரமாக வரும் ஆர்.ஏ. இடங்களுக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் நடத்தும் இயற்கை வள வேலைவாய்ப்புப் பலகையை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். வனவிலங்கு, மீன்வளம், வனம் எல்லாம் அதில் வரும். விளம்பரத்தின் கடைசி வரிகளில் 'செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும்' என்று எழுதியிருக்கும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காட்டுக்குள் அளவெடுக்கக் குறித்துவைத்த மாதிரி நிலத்துண்டங்களுக்கு வண்டி ஓட்டிப் போய்வருவது அந்த வேலையின் ஒரு பகுதி. உரிமம் இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள்.

3. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் எழுதுங்கள். கோடைக் களப்பணி முடிந்து அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பியிருக்கும் காலம் அது. ஜூனில் எழுதினால் கடிதம் போகும், ஆள் காட்டில் இருப்பார்.

'மரியாதைக்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்' என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். முதல் வரியைப் படித்ததுமே பொதுக் கடிதம் என்று தெரிந்துவிடும். மூன்று சிறிய பத்திகள் போதும்.

முதல் பத்தியில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றிலிருந்து குறிப்பான ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி. கட்டுரையின் தலைப்பைத் திருப்பி எழுதுவதால் பயனில்லை. அதன் உள்ளே இருக்கும் ஒரு முடிவைப் பற்றியோ அளவீட்டு முறையைப் பற்றியோ கேளுங்கள்.

இரண்டாவதில் நீங்கள் கையால் செய்த வேலை. 'களப்பணி அனுபவம் உண்டு' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'இளநிலைத் திட்டத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் துண்டங்கள் அமைத்து, 10 செ.மீ.க்கு மேற்பட்ட எல்லா மரங்களின் மார்பளவு விட்டமும் எடுத்தேன். தரவை ஆர் மென்பொருளில் பகுத்து உயிர்த்திணிவைக் கணக்கிட்டேன்' என்று எழுதினால், படிப்பவர் உங்களை அடுத்த கோடையில் தன் குழுவோடு காட்டில் நிற்கவைத்துப் பார்ப்பார். எந்த உயரத்தில் விட்டம் எடுத்தீர்கள் என்பதைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் தரையிலிருந்து 1.37 மீட்டர், ஐரோப்பாவில் 1.3 மீட்டர். இந்த வித்தியாசம் தெரிந்தவர் நாடாவைக் கையில் பிடித்தவர் என்பது அவர்களுக்குப் புரியும்.

மூன்றாவதில் நேரடிக் கேள்வி: அடுத்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறீர்களா, அதற்கு நிதி இருக்கிறதா? கூடவே இரண்டு பக்கத்துக்கு மிகாத சி.வி.யும் மதிப்பெண் பட்டியலும் பி.டி.எஃப். ஆக இணைக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடுங்கள். 'நீங்கள் விண்ணப்பியுங்கள், பார்க்கலாம்' என்று வரும் பதிலை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடியோ அழைப்பில் பேசலாம் என்றாலோ, திட்டத்தின் பெயரைச் சொன்னாலோதான் நிஜமான ஆர்வம். கனடாவிலும் ஆய்வேட்டு முதுகலைக்கு இதே முறைதான். வழிகாட்டி ஒப்புக்கொள்ளாமல் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் பல இடங்களில் அந்தப் பணம் வீண்.

4. அரசு உதவித்தொகைகள், அவற்றின் சின்ன எழுத்துகள்

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ஈபோஸ் (EPOS) உதவித்தொகைத் திட்டம் வனவியலுக்கு மிகவும் பொருந்தும். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாரண்ட் வளாகத்தில் நடக்கும் வெப்பமண்டல வனவியல் படிப்பு இந்தத் திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்று வருவது. முதுகலை மாணவருக்கு மாதம் 992 யூரோ. ஆனால் பட்டம் முடித்தபின் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும்; கடைசிப் பட்டம் வாங்கிப் பொதுவாக ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கல்லூரி முடித்த கையோடு இதற்கு விண்ணப்பிப்பது நேர விரயம். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு மாறும். விண்ணப்பமும் பொதுவாக அந்தந்தப் படிப்புக்கே நேராகப் போகும்.

உதவித்தொகை இல்லாமலும் ஜெர்மனியில் படிக்கலாம், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால். ஆனால் வனவியலுக்குப் பெயர் பெற்ற ஃப்ரைபர்க் இருப்பது பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது. முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. 'ஜெர்மனியில் இலவசம்' என்று பழைய தகவலை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது. லோயர் சாக்சனியில் உள்ள கோட்டிங்கனில் கல்விக் கட்டணம் இல்லை, எல்லா மாணவரும் கட்டும் பருவப் பங்களிப்புத் தொகை மட்டும்தான்.

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலையில் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணமும் கிடையாது. விண்ணப்பக் காலம் பொதுவாக அக்டோபர் முதல் ஜனவரி வரை. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விமானக் கட்டணம், விசா, வருடத்துக்கு ஒரு நாடு என்று மாறும் செலவு எல்லாம் அந்த 1,400-க்குள்ளேயே அடங்கும். தனியாகப் பயணப் படி இல்லை. அடுத்து, ஒரு படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் சில ஆண்டுகளில் சேரும் மாணவர் அணிகளுக்கு மட்டுமே நிதி தருகிறது. நிதி முடிந்த பிறகும் அதே பெயரில் படிப்பு நடக்கும், உதவித்தொகை இருக்காது. மத்தியதரைக் கடல் வனவியலுக்கான மெட்ஃபார் போன்ற படிப்புகளின் பக்கத்தில், நீங்கள் சேரும் ஆண்டுக்கு உதவித்தொகை இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள்.

பிரிட்டனில் பேங்கர் பல்கலைக்கழகம் வனவியலுக்குப் பழைய பெயர். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் திறந்து அக்டோபர் ஆரம்பத்தில் மூடிவிடும், அதாவது படிப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னால். காமன்வெல்த் உதவித்தொகைக்கு உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் (MEXT) உதவித்தொகை பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. முதுகலைக்கு மாதம் 1,44,000 யென் அடிப்படைத் தொகை, கட்டணம் இல்லை, விமானக் கட்டணமும் உண்டு. தூதரக வழியில் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆய்வு மாணவராகப் போய் அங்கே நுழைவுத் தேர்வு எழுதித்தான் பலர் முதுகலையில் சேர்கிறார்கள்.

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போகிறவர்களுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அதோடு, முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். அது முடியும்வரை எச்-1பி வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ (கிரீன் கார்டு) பெற முடியாது. முதுகலை முடித்து அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்.

5. ஆவணங்கள்

மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை, சி.வி., மொழித் தேர்வு மதிப்பெண், பாஸ்போர்ட். பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இழுத்தடிப்பது இரண்டுதான்.

ஒன்று, பல்கலைக்கழகம் முத்திரை வைத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட். நான் படித்த இடத்தில் கட்டணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்தும், கடைசியில் நேரில் போய் நின்ற பிறகுதான் உறை கைக்கு வந்தது. ஜூலையிலேயே விண்ணப்பித்து, ஒன்றுக்கு நான்கு பிரதியாக வாங்கிவையுங்கள். உறையின் ஒட்டிய வாயில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று பரிந்துரைக் கடிதம். பெரிய பதவியில் இருந்து உங்களைப் பெயரளவில் தெரிந்தவரைவிட, களத்தில் உங்களோடு நின்ற உதவிப் பேராசிரியரோ வனத்துறை அலுவலரோ எழுதுவது வலுவானது. மழையிலும் வேலையை விடாதவர் என்று ஒரு வரி எழுத அவரால் முடியும். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள், உங்கள் சி.வி.யையும் நோக்க அறிக்கையையும் கூடவே கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் நிறுவன மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள், அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் மதிப்பெண்கள் இரண்டு வருடம்தான் செல்லும்; மேற்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வான ஜி.ஆர்.இ. ஐந்து வருடம். ஜி.ஆர்.இ.யைப் பல வனவியல் துறைகள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் எத்தனை துறைகள் கேட்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜெர்மனிக்குச் சில நாட்டவர் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

6. சலுகைக் கடிதத்தை எப்படிப் படிப்பது

பணத்தோடு கடிதம் வந்தவுடன் சந்தோஷத்தில் 'சரி' என்று அனுப்பிவிடத் தோன்றும். பொறுங்கள், ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

சம்பளம் 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? 9 மாதம் என்றால் கோடைக்கு என்ன ஏற்பாடு? வனவியலில் கோடைதான் களப்பணிக் காலம், அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை மட்டும் இருக்கக் கூடாது. கட்டண விலக்கு முழுமையா, அல்லது அந்த மாநிலத்து மாணவர்கள் கட்டும் உள்மாநிலக் கட்டண அளவுக்குக் குறைப்பு மட்டுமா? கல்விக் கட்டணத்துக்கு வெளியே 'ஃபீஸ்' என்று தனியாக வருவதை யார் கட்டுவது? பல இடங்களில் அதை மாணவர்தான் கட்ட வேண்டும், அது சின்னத் தொகையும் இல்லை. மருத்துவக் காப்பீடு சேர்த்தியா? நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி, எதைப் பொறுத்துப் புதுப்பிக்கப்படும்? களத்துக்குப் போகும் வண்டி, எரிபொருள், தங்குமிடம் திட்டச் செலவில் வருமா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பேராசிரியர் அழைப்பில் சொன்னது கடிதத்தில் இல்லை என்றால், பணிவாக அதைச் சேர்க்கக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதிச் சலுகைக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 'மூன்று நாளில் சொல்லுங்கள்' என்று யாராவது நெருக்கினால், அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மரியாதையாக அவகாசம் கேளுங்கள். அதே சமயம், போக மாட்டோம் என்று தெரிந்த இடத்துக்கு உடனே மறுப்பு எழுதிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார்.

7. களப்பணிக்கான சிறு நிதிகள்

இவை படிப்புச் செலவுக்கு ஆகாது, ஆய்வுச் செலவுக்கு உதவும். ரஃபர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் நடக்கும் இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களுக்குச் சிறு மானியம் தருகிறது. ஐடியா வைல்ட் களக் கருவிகளாகவே கொடுக்கும். வெப்பமண்டல வெட்டுமரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.டி.டி.ஓ. தன் உறுப்பு நாட்டவருக்குக் குறுகியகால ஃபெல்லோஷிப் தருகிறது, உச்சவரம்பு 10,000 அமெரிக்க டாலர். சேர்ந்தபின் விண்ணப்பித்தால் போதும். ஆனால் சேர்வதற்கு முன்பே ஒரு சிறு மானியம் வாங்கி முடித்தவருடைய சி.வி. பேராசிரியர் கண்ணில் தனியாகத் தெரியும்.

8. போகும் முன் கையிலிருந்து போகும் பணம்

முழு நிதி கிடைத்தவருக்கும் இந்தச் செலவு உண்டு. விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேளுங்கள். துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் சில இடங்களில் கிடைக்கும், கேட்காதவருக்குக் கிடைக்காது. ஸ்வீடனில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமான எஸ்.எல்.யு. உட்பட எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே கட்டணம், 900 குரோனர். அமெரிக்காவுக்கு எஃப்-1 விசாவில் போகிறவருக்கு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். இவை ஏறக்கூடியவை, கட்டுகிற நாளில் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பாருங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில், அது தரும் நிதி எவ்வளவு, நீங்கள் காட்ட வேண்டியது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அந்த மீதித் தொகைக்கு வங்கிச் சான்று தயாராக இருக்கட்டும். உதவித்தொகை இல்லாமல் ஜெர்மனிக்குப் போகிறவர் முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பணம் உங்களுடையதுதான், ஆனால் மாதாமாதம் பிரித்துத்தான் எடுக்க முடியும்.

பலரும் மறப்பது முதல் மாதத்தை. ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினால் முதல் சம்பளம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, பருவ 'ஃபீஸ்', காட்டுக்கான பூட்ஸ், மழைச்சட்டை எல்லாம் வந்து நிற்கும். இரண்டு மாத வாழ்க்கைச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முன்பணமாகக் கொஞ்சம் தர முடியுமா, வந்து சேரும் பயணத்துக்கு உதவி உண்டா என்று சலுகையை ஏற்கும் கடிதத்திலேயே துறையிடம் கேட்டுவிடுங்கள்.